அஞ்சூத்தி ஒண்ணு

பொகவந்தலாவை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
போட்டோ கொப்பி கடையில் எனக்கு வேலை.
முகங்கள் எனக்கு இரண்டாம் பட்சம்.
அட்டையைக் கண்ணாடிமேல் கவிழ்த்ததும்
ஒரு வெளிச்சம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்கும்.
முன்பக்கம், பின்பக்கம்,
இருபது ரூபாய்.

முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம்.
அடுத்த மூன்று, அந்த வருசத்தில் எத்தனையாவது நாள்.
பெண்ணென்றால் அதோடு ஐந்நூறு கூட்டுவார்கள்.
எதற்கு ஐந்நூறு என்று கேட்டேன்.
"ஒங்களுக்குத்தானே கூட" என்று கிராம சேவகர் சிரித்தார்.
சம்பளச் சீட்டில் ஒருநாளும்
அப்படிக் கூட்டி நான் பார்த்ததில்லை.

மேற்பிரிவு லயங்களிலிருந்து வருகிறவர்களில்
எத்தனையோ பெண்களுக்கு ஐந்நூற்றொன்று.
ஜனவரி முதலாம் திகதி.
பிறப்புப் பத்திரம் இல்லாமல்
உத்தேச வயதுக்கு எழுதிக் கொடுத்தவர்கள்.
பல்லையும் நரையையும் பார்த்து
யாரோ ஓர் உத்தியோகத்தர் வருசத்தை ஊகித்தார்.
நாளையும் ஊகிக்க அவருக்கு நேரமில்லை.

மாரியாயி அதில் ஒருத்தி.
எழுபத்துநாலு, ஐந்நூற்றொன்று.
மிச்ச நாலு இலக்கத்தை இங்கே எழுதமாட்டேன்.
நான் எழுதாவிட்டால் என்ன,
அடகுக்கடையில் கம்மலோடு அதைத்தான் நீட்டுகிறாள்,
கிளினிக்கில் சீனி வருத்தக் குளிசைக்கு,
பார்சல் கொண்டுவரும் பையனிடம்,
சிம் விற்கிறவனின் குடைக்குக் கீழே நின்று
தன் பேரைவிடச் சத்தமாய்ச் சொல்கிறாள்.
பேரைச் சொன்னால் எந்த மாரியாயி என்பார்கள்.
நம்பருக்கு 'எந்த' கிடையாது.

அவள் அப்பாவிடம் இருந்தது செக்ரோல் நம்பர் மட்டும்.
தோட்டத்து எல்லையோடு அது நின்றுவிடும்.
டவுனில் காட்டினால் செல்லாக்காசு.

போன ஜனவரி முதலாம் திகதி
கொழுந்து நிறுக்கிற நேரம்
மடியிலும் கூடைக்குள்ளும் ஃபோன்கள்
ஒன்றுவிட்டொன்று கத்தினவாம்.
பதினொரு பெண்களுக்கு ஒரே செய்தி, சிங்களத்தில்.
நுண்கடன்காரன் என்று பயந்து
வேலை முடிந்த கையோடு என்னிடம் கொண்டுவந்தாள்.
வாசித்தேன்.
"சிம் கம்பெனி வாழ்த்து அனுப்பியிருக்கு அக்கா.
இன்னைக்கு ஒங்க பொறந்தநாளாம்."

அவள் ஃபோனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.
"எனக்கில்ல புள்ள.
நான் பொறந்தது ஆனி மழையில,
ஸ்டோர் கூரத் தகரம் காத்துல பறந்த அன்னைக்கி.
இது அந்த நம்பருக்குப் பொறந்தநாள்."

விரல் மடக்கி எண்ணினாள்.
ஐந்தரை மாதம் மூத்தவள்.
அதுதான் எங்கேயும் முன்னால் போகிறாள் என்றாள்:
பேங்குக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஓட்டுப் போட.
கொரோனா நேரம்
கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து
வெளியே இறங்க விட்டதும் மூத்தவளைத்தான்.
இளையவள் பின்னால், அரிசிப் பையோடு.
"நல்லவதான். கோவிச்சிக்க மாட்டா.
ஆனா ஒருநாளும் கூட்டத்துல எனக்காக நின்னு
திரும்பிப் பாத்ததில்ல."

எதற்கோ ஒரு கொப்பி எடுத்தாள்,
சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.
அடுத்த ஆளின் அட்டையை வைக்க மூடியைத் தூக்கினால்
கண்ணாடிமேல் மூத்தவள் குப்புறப் படுத்திருக்கிறாள்.

ஓடினேன்.
கடைசி பஸ் உறுமிக்கொண்டிருந்தது.
மிதிபலகைவரை சனம், பனிமூட்டம், ஒரு முகமும் தெரியவில்லை.
மாரியாயீ என்று கத்தினேன்.
இஞ்சின் சத்தம் அதைத் தின்றுவிட்டது.
அட்டையைத் தூக்கிப் பிடித்து,
வெட்கம் கெட்டு,
"அஞ்சூத்தி ஒண்ணு!" என்று கத்தினேன்.

ஜன்னல்களில் நாலு தலை எட்டிப் பார்த்தன.
நாலு பேரும்
தங்கள் ரவிக்கைக்குள் கை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார்கள்.
ஒருத்தி மட்டும் வெறுங்கையை வெளியே எடுத்தாள்.